பழைய மாருதி 800இல் பிரேக் பிடிக்கவில்லை: பாகம் வாங்கும் முன் பெடலைக் கவனியுங்கள்

கேள்வி: 1999 மாடல் மாருதி 800 ஏசி வண்டி, அப்பா வாங்கியது. கொஞ்ச நாளாகப் பிரேக் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகிறது. உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலேயே நின்று பிடிக்கிறது. அழுத்திப் பிடிக்கும்போது வண்டி இடது பக்கம் இழுக்கிறது. போன மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்விட்டு வத்தலக்குண்டு வழியாக இறங்கும்போது பெடல் தரையைத் தொட்டுவிட்டது. முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஓரங்கட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெடல் பழையபடி வந்திருந்தது. மெக்கானிக் முன் பேட் மாற்றினார், வித்தியாசம் இல்லை. இப்போது பூஸ்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா அண்ணா?

பதில்:

தம்பி, பூஸ்டரை மாற்ற வேண்டாம். அதற்கு முன்னால் ஒன்று: சரி செய்யும் வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள். பக்கத்துக் கடைக்குக்கூட வேண்டாம். மலையில் ஒரு தடவை தரையைத் தொட்ட பெடல் தானாகத் திரும்பி வந்தது என்பதால் கோளாறு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது இன்னும் உள்ளே இருக்கிறது, சூடு ஏறும்போது மறுபடி வரும்.

நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அறிகுறிகளும் மூன்று வேறு கோளாறுகளைக் காட்டுகின்றன. ஆனால் அவை தனித்தனியாக நிற்கவில்லை, ஒன்று இன்னொன்றை இழுத்துவிட்டிருக்கிறது. பழைய வண்டியில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். ஒரு பாகம் திடீரென்று உடைவது குறைவு. நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, இறுகி, பழசாகி, ஒரு நாள் எல்லாம் சேர்ந்து காலை வாரிவிடும். அதனால்தான் ஒரு பாகத்தை மாற்றிப் பார்ப்பது, சரியாகவில்லை என்றால் அடுத்ததை மாற்றுவது என்கிற வழி பிரேக் வேலைக்கு உதவாது. முதலில் பெடலைக் கேட்க வேண்டும். எது போயிருக்கிறது என்று பாதிக்கு மேல் அதுவே சொல்லிவிடும்.

பூஸ்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பூஸ்டர் என்பது இன்ஜின் உறிஞ்சும் வேக்யூமைக் கொண்டு உங்கள் கால் பலத்தைக் கூட்டித் தருகிற டப்பா. அது கெட்டால் பெடல் கல் மாதிரி இறுகும். முழுப் பலத்தோடு மிதித்தாலும் வண்டி மெதுவாகத்தான் நிற்கும். பெடல் உள்ளே போகிறது என்பது அதற்கு நேர் எதிரான அறிகுறி. இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் நீங்களே சோதித்துவிடலாம். இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள், உள்ளே இருக்கிற வேக்யூம் தீர்ந்து பெடல் இறுகும். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். கால் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினிலிருந்து பூஸ்டருக்கு வரும் ரப்பர் ஹோஸையும் அதிலுள்ள ஒருவழி வால்வையும்தான். வெடித்த ஹோஸுக்காகப் பூஸ்டரையே மாற்றிய வண்டிகள் நிறைய உண்டு. அடுத்து, இன்ஜின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்தபடி இன்ஜினை அணைத்து அரை நிமிடம் காத்திருங்கள். பெடல் காலை மேலே தள்ளினால் பூஸ்டரில் காற்று கசிகிறது. அசையாமல் நின்றால் நல்லது.

சரி, பெடல் ஏன் பாதிக்கு மேல் போகிறது? இதற்கு உங்கள் கேள்வியிலேயே துப்பு இருக்கிறது: இரண்டாவது மிதியில் மேலே நிற்கிறது என்கிறீர்கள். பெடலை மிதித்ததும் சக்கரங்களுக்குப் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர், ஒரு மிதிக்கு இவ்வளவுதான் தள்ளும் என்று ஒரு அளவு உண்டு. பின் சக்கர டிரம்முக்குள், அதன் சுவரை உரசி நிறுத்துகிற ஷூ தேய்ந்து இடைவெளி கூடிவிட்டால், முதல் மிதியில் போகும் ஆயில் முழுக்க ஷூவை டிரம் வரை நகர்த்தவே செலவாகிவிடும். ஷூ திரும்பிப் போவதற்குள் நீங்கள் இரண்டாவது தடவை மிதிக்கிறீர்கள். அந்த ஆயில்தான் அழுத்தமாக மாறுகிறது. பைப்பில் காற்று புகுந்திருந்தாலும் இரண்டாவது மிதியில் பெடல் மேலே வரும். ஆனால் கால் உணர்வு வேறு. காற்று இருந்தால் மேலே வந்த பிறகும் ஸ்பாஞ்சை மிதிப்பது போல அமுங்கும், துள்ளும். ஷூ இடைவெளி என்றால் மேலே வந்ததும் கட்டை மாதிரி திடமாக நிற்கும். நீங்கள் "மேலேயே நின்று பிடிக்கிறது" என்று எழுதியிருப்பதால் நான் பின் டிரம்மைத்தான் சந்தேகிக்கிறேன்.

முன் பேட் மாற்றியும் வித்தியாசம் தெரியாததற்கும் இதுவே காரணம். டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய பிஸ்டன் தானாக முன்னால் வந்து நின்றுகொள்ளும், அதனால் தேய்ந்த பேட் பெடல் உயரத்தை அவ்வளவாகக் குறைக்காது. டிரம்மில் அந்த வேலையைச் செய்ய ஒரு தனி அட்ஜஸ்டர் இருக்கிறது. அது லைனர் (ஷூவின் மேல் இருக்கிற உராய்வுப் பட்டை) தூளும் துருவும் சேர்ந்து இறுகிப்போனால் ஷூ தேய்வதற்கேற்ப நகராது. இருபத்தைந்து வருடம் ஆன வண்டியில் அது இறுகியிருக்காவிட்டால்தான் ஆச்சரியம். டிரம்மைக் கழற்றச் சொல்லி நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். அட்ஜஸ்டரை எடுத்து, வயர் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, மரையில் சூடு தாங்கும் கிரீஸ் மெல்லிதாகத் தடவி, கையால் சுற்றும் அளவுக்கு ஆக்க வேண்டும். ஷூவைச் செட் செய்த பிறகு டிரம்மை மாட்டிக் கையால் சுற்றினால் லேசாக உரசுகிற சத்தம் மட்டும் கேட்கலாம், பிடிக்கக் கூடாது.

ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஹேண்ட் பிரேக் லூஸ் என்றதும் கேபிளை இழுத்து முறுக்கிவிடுவார்கள். லீவர் இரண்டு மூன்று கிளிக்கில் நின்றுவிடும், வண்டிக்காரருக்கும் திருப்தி. ஆனால் உள்ளே ஷூ முழுதாகத் திரும்பிப் போய் உட்காராமல் கேபிள் இழுத்துப் பிடித்திருக்கும், அட்ஜஸ்டரும் வேலை செய்யாது. கால் பிரேக் லூஸாகவே இருக்கும், ஹேண்ட் பிரேக் மட்டும் நன்றாகப் பிடிக்கும். சரியான வரிசை தலைகீழ்: கேபிளைத் தளர்த்திவிட்டு முதலில் ஷூவைச் செட் செய்ய வேண்டும். கடைசியில்தான் கேபிளைத் தொட வேண்டும். உங்கள் ஹேண்ட் பிரேக்கைச் சமீபத்தில் யாராவது முறுக்கினார்களா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

டிரம் திறந்திருக்கும்போதே, ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் இரு முனையிலும் இருக்கிற ரப்பர் மூடியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் மெல்ல விலக்கிப் பாருங்கள். லேசான ஈரம் என்றால் கவனிக்க வேண்டும், சொட்டினால் உள்ளே வாஷர் (ஆயிலை அடைத்து நிறுத்துகிற ரப்பர்) போய்விட்டது. ஆயில் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி மறுபடி மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். லைனர் நுண்துளை உள்ள பொருள். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் சூடு ஏறினால் உள்ளே இருக்கிற ஆயில் வெளியே வந்து மறுபடி வழுக்கும். ஒரு பக்கம் ஊறியிருந்தாலும் இரண்டு பக்கமும் ஷூ மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடித்துப் பின்பக்கம் திரும்பிவிடும். டிரம்முக்குள் இருக்கிற தூளை ஏர் அடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். வேலை செய்கிற பையன்களின் நுரையீரலுக்காகச் சொல்கிறேன்.

அடுத்தது இழுவை. பிரேக் பிடிக்கும்போது வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றால் பெரும்பாலானவர்கள் இடது சக்கரத்தைக் கழற்றுவார்கள். பிடிக்கிற பக்கம்தான் வண்டி திரும்பும். இடது நன்றாகப் பிடிக்கிறது, வலது பிடிக்கவில்லை. கோளாறு வலது முன் சக்கரத்தில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். (வலது பேடில் கிரீஸோ ஆயிலோ பட்டிருந்தாலும் இதே மாதிரிதான் இழுக்கும், ஆனால் புதுப் பேட் போட்ட பிறகும் தொடர்வதால் அதை ஒதுக்கிவிடலாம்.)

இதை உறுதி செய்ய ஒரு வழி: மெக்கானிக் கழற்றிய பழைய பேடுகள் நாலும் இருந்தால் கேட்டு வாங்கி வரிசையாக வைத்துப் பாருங்கள். இடது இரண்டும் நன்றாகத் தேய்ந்து, வலது இரண்டும் தடிமனாக இருந்தால் வலது கேலிபர் (பேடை டிஸ்கில் அழுத்திப் பிடிக்கிற பாகம்) பல மாதமாக வேலையே செய்யவில்லை. வலது பக்கத்தில் உள் பேட் மட்டும் தேய்ந்து வெளிப் பேட் அப்படியே இருந்தால் கேலிபர் நகர்ந்து கொடுக்கிற ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. பேட் ஆப்பு மாதிரி ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலும் அதுவே காரணம். பழைய பேட் குப்பைக்குப் போய்விட்டால் வேறு வழி இருக்கிறது. பின் ஷூ சரி செய்த பிறகு, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் மெதுவாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, பத்துப் பதினைந்து தடவை பிரேக் பிடித்து நிறுத்துங்கள். உடனே இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று அடுப்பு போல அனல் வீச, இன்னொன்று சும்மா இருந்தால், சும்மா இருப்பது வேலை செய்யாதது. தொடாமலே சூடு காட்டும் கருவி இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது, அது இருந்தால் இன்னும் துல்லியம்.

ஸ்லைடு பின் இறுகுவதற்குக் காரணம் கிழிந்த ரப்பர் உறையும் தவறான கிரீஸும்தான். வீல் பேரிங்குக்குப் போடுகிற சாதாரண கிரீஸைத் தடவினால் பிரேக் ரப்பர் ஊதிவிடும், பின் முன்பைவிட இறுகும். பிரேக்குக்கென்றே இருக்கிற சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். ஒரு சின்ன டியூப் பல வருடம் வரும். பின் நன்றாக நகர்ந்தும் பிடிக்கவில்லை என்றால் பிஸ்டனைப் பாருங்கள். சீலுக்கு வெளியே இருக்கிற பகுதியில் துரு பிடித்துப் புள்ளி விழுந்திருந்தால் எமரி போட்டுத் தேய்த்து மாட்டுவதில் பயனில்லை. பிஸ்டனும் சீலும் மாற்ற வேண்டும்.

இன்னொரு குற்றவாளி வெளியே நல்ல பிள்ளையாகவே தெரியும்: கேலிபருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸின் உள்சுவர் ஊதி, உரிந்து, வால்வு மாதிரி அடைத்துக்கொள்ளும். காலால் மிதிக்கிற பலத்தில் ஆயில் மெதுவாக உள்ளே போகும், திரும்பி வர வழி இருக்காது. அப்படி ஆன வண்டி பிரேக் மிதிக்கும்போது எதிர்ப்பக்கம் இழுத்து, காலை எடுத்த பிறகு இந்தப் பக்கம் இழுக்கும். சோதிப்பது எளிது. சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பிரேக்கை மிதித்து விட, இன்னொருவர் சக்கரத்தைச் சுற்றட்டும். சுற்றவில்லை என்றால் கேலிபரின் பிளீடர் ஸ்க்ரூவை, அதாவது ஆயிலை வெளியே விடுகிற ஸ்க்ரூவைத் திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே விட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. அடுத்த தடவை பிளீடரைத் தொடாமல், ஹோஸும் இரும்புப் பைப்பும் சேருகிற நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லை, பிளீடரில் மட்டும் விடுகிறது என்றால் அடைப்பு ஹோஸில். பிளீடரைத் திறந்தும் விடவில்லை என்றால் கேலிபரே இறுகியிருக்கிறது. எப்படியிருந்தாலும் உங்கள் வண்டியில் ஹோஸ்கள் மாற்றப்பட்டதாக ரசீது இல்லையென்றால் எல்லா ஹோஸையும் மாற்றிவிடுங்கள். இதில் மட்டும் சோதித்துவிட்டு மாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இருபத்தைந்து வயது ரப்பரை நம்பி யாரும் குடும்பத்தை ஏற்றக் கூடாது.

இப்போது மலைக்கு வருவோம். என்னை உண்மையில் பயமுறுத்தியது அதுதான்.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அடிவாரம் வரை ஏறக்குறைய 1,800 மீட்டர் இறக்கம் என்று வையுங்கள். உங்கள் வண்டி சுமார் 650 கிலோ, ஆட்களும் பெட்டியும் சேர்த்து 950 என்று கொள்வோம். இந்த எடையை அத்தனை உயரத்திலிருந்து இறக்குவதில் வெளிப்படும் சக்தி, அதே வண்டியை 60 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நிறுத்துவதை ஏறக்குறைய 125 தடவை செய்வதற்குச் சமம். இன்ஜினும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கில் சூடாகத்தான் போக வேண்டும். அந்தச் சூட்டை நாலு சக்கரமும் பங்கிட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை. உங்கள் வண்டியில் பின் இரண்டும் அரைகுறை, வலது முன் சக்கரம் வேலை செய்யவில்லை. ஆக ஒற்றை இடது முன் கேலிபர் கிட்டத்தட்ட எல்லாச் சுமையையும் சுமந்திருக்கிறது.

அந்தக் கேலிபருக்குள் இருந்தது எத்தனை வருடப் பழைய பிரேக் ஆயில்? நாம் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. கிளைகால் வகைத் திரவம், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4க்கு இதே கணக்கு 230, 155. அதற்கு மேலும் ஈரம் சேர்ந்தால் வரம்பு இன்னும் இறங்கும். கேலிபர் அந்தச் சூட்டைத் தொட்டதும் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உங்கள் கால் தள்ளியதெல்லாம் குமிழியை நசுக்கத்தான் போனது, பேடுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. பெடல் தரையைத் தொட்டது அப்போதுதான். முக்கால் மணி நேரத்தில் ஆறியதும் ஆவி திரும்பத் திரவமானது, பெடல் வந்துவிட்டது. மறுநாள் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

"இரண்டு லைன் இருக்கிறதே, ஒன்று போனால் இன்னொன்று பிடிக்காதா" என்று கேட்பீர்கள். முன்சக்கர இழுவை வண்டிகளில் பெரும்பாலும் லைன், அதாவது பிரேக் ஆயில் போகும் பாதை, குறுக்காகப் பிரிந்திருக்கும்: இடது முன் சக்கரத்தோடு வலது பின் சக்கரம், வலது முன்னோடு இடது பின். அப்படிப் பிரிந்திருந்தால், முதல் லைனில் ஆயில் கொதித்தபோது உங்களைக் காப்பாற்ற வேண்டிய இரண்டாவது லைனில் இருந்தவை இறுகிப்போன கேலிபரும் இடைவெளி கூடிய ஷூவும்தான். ஊருக்குள் ஓட்டும்போது சாதாரண "பெடல் கொஞ்சம் லூஸ்" என்று தெரிந்த விஷயம் மலையில் உயிர் விஷயமானது இப்படித்தான்.

ஆயிலின் நிறத்தை மேலே பிரேக் ஆயில் ஊற்றுகிற டப்பாவில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே அவ்வப்போது புது ஆயில் ஊற்றியிருப்பார்கள், தெளிவாகத்தான் தெரியும். ஈரமும் அழுக்கும் தங்குவது கீழே கேலிபரில். பிளீடரைத் திறந்து கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தால் கதை முடிந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதுமாக மாற்ற வேண்டிய ஆயில் இது. நம் ஊரில் டப்பாவில் குறைந்தால் ஊற்றுவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எதை ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். ஒரு சுற்றுலா அம்பாசடர் எங்களிடம் வந்தது, நாலு சக்கரமும் ஜாம். ஓட்டுநர் அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலைப் பிரேக் டப்பாவில் ஊற்றியிருந்தார். மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கிக் கடைசி வீல் சிலிண்டர் வரை ஒரு ரப்பர் விடாமல் ஊதிப்போயிருந்தது. எல்லா ரப்பரையும் மாற்றி, பைப்பையெல்லாம் கழுவி எடுக்க மூன்று நாள் ஆனது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் கொண்டு பிரேக் பாகங்களைக் கழுவினாலும் இதே கதிதான். உங்கள் டப்பாவில் இருப்பது என்ன என்று சந்தேகம் வந்தால் சில சொட்டுகளைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், இன்ஜின் ஆயில் மேலே மிதக்கும். டாட் 5 என்று எழுதியிருக்கும் சிலிகான் ஆயிலையும் இதோடு கலக்கக் கூடாது. உங்கள் வண்டிக்கு டாட் 3 போதும், மலைக்குப் போகிறவர் என்பதால் டாட் 4 போடச் சொல்வேன். இரண்டும் ஒரே இனம்தான்.

ஆயில் மாற்றி ஏர் எடுக்கும்போது (பைப்பில் இருக்கிற காற்றை வெளியேற்றும்போது) பழைய வண்டியில் ஒரு ஆபத்து இருக்கிறது. தினமும் ஓட்டும்போது மாஸ்டர் சிலிண்டரின் வாஷர்கள் குழாயின் ஒரு பகுதியில்தான் போய்வரும். அதற்கு அப்பால் உள்ள பகுதியில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். ஏர் எடுக்கிறேன் என்று பெடலைத் தரை வரை மிதித்தால் வாஷர் அந்தத் துருவின் மேல் ஓடிக் கிழிந்துவிடும். காலையில் நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் சாயங்காலம் போய்விடும், ஏன் என்று யாருக்கும் புரியாது. பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து, வழக்கமான தூரத்துக்கு மேல் போகாதபடி தடுத்துவிட்டு ஏர் எடுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் ஏற்கெனவே போயிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பெடலை மிதித்து, ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்திருங்கள். வெளியே எங்கும் கசிவில்லாமல் பெடல் மட்டும் மெல்ல மெல்ல இறங்கினால் ஆயில் உள்ளுக்குள்ளேயே வாஷரைத் தாண்டிப் போகிறது. பலமாக மிதித்து மட்டும் பார்க்காதீர்கள், சிக்னலில் நிற்கும்போது கால் வைக்கிற மாதிரி லேசாகவும் பிடித்துப் பாருங்கள். பலமாக மிதித்தால் வாஷர் விரிந்து அடைத்துக்கொள்ளும், லேசான அழுத்தத்தில்தான் அதன் குறை தெரியும். வெளியே சொட்டே இல்லாமல் டப்பாவில் அளவு குறைகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் பூஸ்டருக்குள் ஒழுகுகிறதா என்று பாருங்கள். சிலிண்டரைப் பிடித்திருக்கிற நட்டுகளைக் கழற்றி லேசாக முன்னால் இழுத்தால் ஈரம் தெரிந்துவிடும்.

முன் வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதுவும் பெடலை ஏமாற்றும். குழியில் இறங்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் டிஸ்க் ஆடி பேடை உள்ளே தள்ளிவிடும், அடுத்த முதல் மிதி ஆழமாகப் போகும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் போதும். டிஸ்கிலும் டிரம்மிலும் குறைந்தபட்சத் தடிமன், அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும். லேத்தில் கடைசல் பிடிக்கக் கொடுக்கும் முன் அதைப் பார்த்து அளக்கச் சொல்லுங்கள். எல்லை தாண்டியதைக் கடைந்தால் மெல்லிதாகி, சூட்டில் சீக்கிரம் வளையும்.

இரும்புப் பைப்புகளை வண்டிக்கு அடியில் கிளிப் பிடித்திருக்கிற இடங்களில் பாருங்கள். துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். அரித்த பைப்பை வெட்டி, பற்றவைத்து ஒட்டுப் போடச் சம்மதிக்காதீர்கள், புதுப் பைப் போடுங்கள்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாம் சரி செய்த பிறகு வெறும் மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்குகிறது என்றால் பிரேக் தன் வேலையைச் செய்துவிட்டது, பிடிப்பு போதாதது டயரில். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 1216 என்றால் 2016இன் 12ஆவது வாரம். குறைவாக ஓடுகிற வண்டியில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கட்டையாகியிருக்கும்.

(அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு: நாலு சக்கரமும் டிரம்மாக இருக்கிற வண்டியில் பெடல் கீழே போனால் முதல் சந்தேகம் எப்போதும் ஷூ செட்டிங்தான். நாலையும் ஒரே நாளில், ஒரே அளவில் செட் செய்யாவிட்டால் இழுக்கும். பின் சக்கரத்தில் ஈரம் கண்டால் முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் அது பிரேக் ஆயில் இல்லை, ஆக்சில் ஆயில். ஹப் ஆயில் சீல் மாற்ற வேண்டும். மழைத் தண்ணீரில் இறங்கி ஏறியதும் டிரம் சற்று நேரம் பிடிக்காது. லேசாக மிதித்துக்கொண்டே மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.)

உங்கள் வண்டிக்கு நான் செய்யச் சொல்லும் வேலை வரிசை இதுதான்: வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு வேண்டாம். பின் டிரம் இரண்டையும் திறந்து அட்ஜஸ்டர், ஷூ, வீல் சிலிண்டர் பார்த்துச் செட் செய்யுங்கள். முன்னால் இரண்டு கேலிபரையும் கழற்றி ஸ்லைடு பின்னும் பிஸ்டனும் சரியாக்குங்கள், வலதை மட்டும் அல்ல. எல்லா ஹோஸும் புதிது. அதன் பிறகு ஆயில் முழுவதும் மாற்றி ஏர் எடுங்கள். கடைசியாக மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் சோதனை. இந்த இரண்டும் தேறிவிட்டால் அவற்றைத் தொட வேண்டாம். இடது முன் பேட் அந்த மலை இறக்கத்துக்குப் பிறகு போட்டது என்பதால் இருக்கட்டும். ஆனால் அதன் டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கிறதா, வெடிப்பு உண்டா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு பக்கமும் டிஸ்க் மாற்றுங்கள்.

மெக்கானிக்கை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மலையில் என்ன நடந்தது என்பதை அவரிடம் முழுதாகச் சொன்னீர்களா என்று யோசியுங்கள். "பிரேக் லூஸ்" என்று மட்டும் சொன்னால் அவரும் என்னதான் செய்வார்? எங்கே, எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு, எந்த மிதியில், ஆறிய பிறகு எப்படி என்று எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த தடவை கொடைக்கானல் போனால், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது, செங்குத்தான இடத்தில் முதலாவது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதோ இன்ஜினை அணைப்பதோ கூடவே கூடாது. இன்ஜின் பிடிப்பும் போகும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பூஸ்டரின் உதவியும் போகும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராமல், பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள், டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும். கருகல் வாடை வந்தாலோ பெடல் வழக்கத்தைவிட ஒரு விரல் ஆழம் போனாலோ அப்போதே ஓரங்கட்டி நில்லுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

வேலை முடிந்து 500 கி.மீ. ஓடியதும் பின் டிரம்மை இன்னொரு தடவை திறக்கச் சொல்லுங்கள். வீல் சிலிண்டர் மூடி காய்ந்திருந்து, அட்ஜஸ்டர் ஒரு பல்லாவது நகர்ந்திருந்தால் மூடிவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.